பெட்ரோலில் எண்ணெய் கலப்பது ஏன்: நூல் புல்வெட்டியின் எரிபொருளும் பராமரிப்பும்

பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி வைத்திருப்பவரிடம் அதில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலும் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு, எந்த ஆயில், எதற்காக என்று தொடர்ந்து கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். எண்ணெய் கூடினால் இயந்திரத்துக்கு நல்லதுதான் என்பார் ஒருவர்; காருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலே போதும் என்பார் மற்றொருவர்; போன பருவத்தில் கலந்து மீந்ததை ஊற்றினாலும் ஓடும் என்பார் இன்னொருவர். மூன்றும் தவறு. மூன்றும் சேர்ந்தால் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய எஞ்சின் ஒரே பருவத்தில் பழுதாகிவிடும். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் விளக்குவதில்லை. தொட்டியில் ஊற்றும் கலவையே இந்த எஞ்சினுக்குச் செய்யும் முதல் பராமரிப்பு என்பது புரிந்துவிட்டால், மற்ற வேலைகளின் காரணங்கள் தாமாகவே விளங்கும். எனவே செய்முறைக்கு முன்னால் இயந்திரத்தையே சற்று விரிவாகப் பார்ப்போம்.

## மெல்லிய நூல் எப்படி வெட்டுகிறது

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், தளர்ந்து கிடந்த கயிறு கம்பியைப் போல விறைத்து நிற்கும். நூல் புல்வெட்டி செய்வது இதையேதான். கையில் துவளும் நைலான் நூல், தலைப்பகுதி வேகமாகச் சுழலும்போது வெளிப்புறமாக இழுபட்டு விறைக்கிறது. சுழற்சி வட்டத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்றும், நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் என்றும் வைத்துக்கொண்டால், நூலின் நுனி நொடிக்குச் சுமார் 125 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் புல்லின் தண்டு வளைந்து விலகுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அடிபட்ட இடத்திலேயே அறுந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் 1971ஆம் ஆண்டில் இந்த எண்ணத்தைக் கருவியாக்கினார். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்தபோது அது அவருக்குத் தோன்றியது. துளையிட்ட ஒரு தகர டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்துத் தொடங்கினார். மரத்தடியிலும் சுவரோரத்திலும் கத்தி நுழைய முடியாத இடங்களில் நூல் நுழையும் என்பதே இதன் முதன்மையான பயன்.

நூலுக்கு வேகம்தான் கூர்மை என்பதை இங்கே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் சற்றே திணறினாலும் வெட்டு உடனே மழுங்கிவிடும். அதனால்தான் இந்தச் சிறிய எஞ்சின் எப்போதும் அதன் உச்ச வேகத்தை ஒட்டியே ஓட வேண்டியிருக்கிறது.

## எண்ணெய்க்கென்று தனி இடம் இல்லாத எஞ்சின்

கார் எஞ்சினின் அடியில் ஒரு கிண்ணம் போன்ற தொட்டி இருக்கும். அதில் தேங்கி நிற்கும் எண்ணெயை ஒரு பம்பு எடுத்து உராயும் பாகங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் எரிவதில்லை, மறுபடி கிண்ணத்துக்கே திரும்பி வரும். பெட்ரோல் ஒரு வழி, எண்ணெய் ஒரு வழி என்று இரண்டும் தனித்தனியாக இருப்பதால், பெட்ரோலை மட்டும் ஊற்றி வண்டியை ஓட்ட முடிகிறது.

பெரும்பாலான நூல் புல்வெட்டிகளில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்கினால் வேலையின் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடுகிறது என்பதே இந்தப் பெயருக்குப் பொருள். பிஸ்டன் என்பது சிலிண்டர் என்னும் குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும் உலோக அடைப்பான். ஊசிமருந்துக் குழாயின் தண்டை இழுத்தால் மருந்து உள்ளே வரும், தள்ளினால் வெளியேறும் அல்லவா? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே நேரத்தில் இவ்வாறு வேலை செய்கின்றன. பிஸ்டன் மேலேறும்போது மேற்புறத்தில் இருக்கும் எரிபொருளும் காற்றும் நசுங்குகின்றன. அதே நேரத்தில் கீழ்ப்புறத்தில் உண்டாகும் வெற்றிடம், அடுத்த சுற்றுக்கான கலவையைக் கீழறைக்குள் உறிஞ்சுகிறது. மேலே தீப்பொறி பட்டு வெடித்ததும் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அது இறங்கும் வேகத்தில் கீழறையில் காத்திருந்த கலவை பக்கவாட்டு வழியாக மேலே ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கீழறைதான் நம் கேள்விக்கான விடை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டும் அதன் பேரிங்குகளும் இந்த அறையில்தான் இருக்கின்றன. கார் எஞ்சினில் எண்ணெய் தேங்கி நிற்கும் அதே இடம், இங்கே எரிபொருள் கடந்துபோகும் வழியாகிவிட்டது. எனவே எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய், பனிமூட்டம் போல அந்த அறைக்குள் பரவி, பேரிங்கின் மீதும் பிஸ்டனின் பக்கங்களிலும் சிலிண்டர் சுவரிலும் படலமாகப் படிகிறது. பிறகு மேலே சென்று பெட்ரோலோடு எரிந்தும் போகிறது. நீல நிறப் புகையும் அந்தத் தனித்த வாடையும் இதனால் வருபவை. நிமிடத்துக்கு 7000 சுற்றுகள் ஓடும் எஞ்சினில் நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெடிப்பு நிகழ்கிறது. அந்த வேகத்தில் உரசும் உலோகங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரே பாதுகாப்பு, நாம் அளந்து ஊற்றும் அந்த எண்ணெய்தான்.

எண்ணெய் தேங்கி நிற்காததால் ஒரு நன்மையும் உண்டு. இயந்திரத்தைச் சாய்த்தாலும் திருப்பினாலும் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிடும் என்ற அச்சம் இல்லை. தோளில் மாட்டி எல்லாப் பக்கமும் வீச வேண்டிய கருவிக்கு இந்த எளிய, எடை குறைந்த அமைப்பு பொருந்தியது அதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் ஆற்றலைத் தருகிறது, அதே பெட்ரோல் எண்ணெயைச் சுமந்து வரும் வாகனமாகவும் இருக்கிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் முதலில் நன்றாகவே ஓடும். சில நிமிடங்களில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, பிஸ்டனில் கீறல் விழுந்து, இறுதியில் இறுகி நின்றுவிடும். இதையே ‘சீஸ்’ ஆகிவிட்டது என்கிறார்கள் மெக்கானிக்குகள். அதன்பின் பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றாமல் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

## உங்கள் இயந்திரம் எந்த வகை

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய புல்வெட்டிகளும் உண்டு. அவற்றில் எண்ணெய் ஊற்றுவதற்குத் தனி மூடி இருக்கும். தொட்டியில் வெறும் பெட்ரோல் போதும். இயந்திரத்தில் இரண்டு மூடிகள் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக், எரிபொருள் மூடி ஒன்று மட்டும் இருந்தால் கலவை தேவைப்படும் வகை என்று கொள்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வால்வுகள் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தும் கலவையிலேயே ஓடும் ஒரு சிறு பிரிவும் இருப்பதால், ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ என்ற பெயரை மட்டும் நம்பி வெறும் பெட்ரோலை ஊற்றிவிடக் கூடாது. எரிபொருள் மூடியில் பெட்ரோல் பம்பின் படத்தோடு எண்ணெய்த் துளியும் பொறிக்கப்பட்டிருந்தால் கலவைதான் ஊற்ற வேண்டும். இனி வருவது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகைக்கு உரியது.

## விகிதம்: எவ்வளவு, எந்த எண்ணெய்

கலவை விகிதம் என்பது எத்தனை பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பதைக் குறிக்கும் எண். 50:1 என்றால் ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், ஐந்து லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லிலிட்டர். 25:1 என்றால் 40 மில்லிலிட்டர். கணக்கு எளியது: 1000த்தை விகிதத்தின் முதல் எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டருக்கான எண்ணெய் மில்லிலிட்டரில் கிடைத்துவிடும். இக்காலப் புல்வெட்டிகளில் 50:1 பரவலாக இருந்தாலும் 40:1, 25:1 கேட்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. எந்த விகிதம் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூடாது. கையேட்டில் அல்லது தொட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய இயந்திரம் வேறு, உங்களுடையது வேறு.

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். கூடினால் நல்லதுதானே என்ற எண்ணம்தான் அதிகம் பரவியிருக்கிறது, ஆகவே அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கூடுதல் எண்ணெய் முழுவதும் எரியாமல், பிஸ்டனின் தலையிலும் புகைவாயிலிலும் ஸ்பார்க் பிளக்கிலும் கரியாகப் படிகிறது. புகை வெளியேறும் வழி சுருங்கச் சுருங்க, புதிய கலவை உள்ளே வர இடம் குறைந்து எஞ்சின் வலுவிழக்கிறது. இன்னொன்றும் உண்டு: கார்புரேட்டர், அதாவது எரிபொருளையும் காற்றையும் தக்க அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம், தன் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பிரித்தறியாது. எண்ணெயின் பங்கு கூடினால் அதே அளவு காற்றுக்குக் கிடைக்கும் பெட்ரோல் சிறிதளவு குறைந்துவிடும். எனவே பாதுகாப்புக்காக இரு மடங்கு ஊற்றுவது எஞ்சினுக்கு எந்த வகையிலும் உதவாது. அளவுக்குவளை இல்லாமல் கண்ணால் பார்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டொழிப்பதே இந்தக் கட்டுரையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன்.

எந்த எண்ணெய் என்பதும் அளவைப் போலவே முக்கியமானது. கார் எஞ்சின் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரியும்போது சாம்பலாகப் படியும். டூ ஸ்ட்ரோக் ஆயில் பெட்ரோலில் எளிதில் கரைந்து, குறைந்த படிவோடு எரிந்துபோகுமாறு தயாரிக்கப்படுகிறது. அதிலும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும். படகு எஞ்சின்களுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயில் நீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது; அதைவிட அதிக வெப்பத்தில் ஓடும் புல்வெட்டிக்கு அது பொருந்தாது. புட்டியின் மீது ‘ஜாசோ எஃப்சி’ அல்லது ‘ஜாசோ எஃப்டி’ என்ற தரக்குறி இருந்தால் போதுமானது. எஃப்டி அவற்றுள் மேலானது.

## கலக்கும் முறை

எண்ணெயையும் பெட்ரோலையும் நேராகத் தொட்டியில் தனித்தனியே ஊற்றிக் கலக்க முயல்வது பலர் செய்யும் பிழை. எண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது, உடனே கலந்துவிடாமல் அடியில் இறங்கும். தொட்டிக்குள் எரிபொருளை உறிஞ்சும் குழாயின் நுனியில் எடையுள்ள ஒரு வடிகட்டி தொங்குகிறது. அதுவும் அடியில்தான் கிடக்கும். ஆகவே எஞ்சின் முதலில் கெட்டியான எண்ணெயைக் குடித்துப் புகைந்து திணறும். பிறகு வருவது ஏறக்குறைய வெறும் பெட்ரோலாக இருக்கும். மிகையும் குறையும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

இதற்கென்று பெட்ரோல் வைப்பதற்கான ஒரு கேனை எடுத்துக்கொள்ள வேண்டும். குடிநீர்ப் புட்டிகள் கூடாது. அவை ஆவியின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படாதவை, தவிர யாரேனும் தண்ணீர் என்று எண்ணி எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. கேனில் தேவையான பெட்ரோலில் பாதியை ஊற்றி, அளந்த எண்ணெய் முழுவதையும் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கிவிட்டு, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். கேனின் மேற்பகுதியில் சற்று இடம் விட வேண்டும், ஏனெனில் வெயிலில் பெட்ரோல் விரிவடையும். கலந்த தேதியையும் விகிதத்தையும் கேனின் மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வெறும் பெட்ரோல் கேனும் கலவைக் கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கொட்டகையில் இந்தச் சீட்டு ஒன்றே பல எஞ்சின்களைக் காப்பாற்றும். பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் எண்ணெய்களில் நீலம், பச்சை, சிவப்பு என ஒரு சாயம் கலந்திருப்பதும் இதற்காகத்தான்: நிறத்தைப் பார்த்தே கலவை என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் கேனை மீண்டும் ஒருமுறை குலுக்க வேண்டும்.

## நிரப்பும்போது தீ எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவி. திரவத்திலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலைக்குத் தீப்பற்று நிலை என்று பெயர். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். எனவே நாம் வாழும் எந்தத் தட்பவெப்பத்திலும் திறந்த பெட்ரோலுக்கு மேல் எரியக்கூடிய ஆவி இருந்தே தீரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; மேலே கலைந்து போகாமல் நீரைப் போலத் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தைத் தேடும். சற்றுத் தொலைவில் எரியும் அடுப்போ சிகரெட்டோ அதைப் பற்றவைத்தால், தீ வந்த வழியே திரும்பி ஓடிவரும்.

இதைப் புரிந்துகொண்டவருக்கு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும், ஏனெனில் புகைப்பெட்டி அதாவது சைலன்சர் தொட்டியை ஒட்டியே இருக்கிறது. வேலை முடிந்த கணத்தில் அதுதான் அங்கே மிகச் சூடான பொருள். வெட்டிப் போட்ட உலர்ந்த புல்லின் மீது வைக்காமல் வெறுந்தரையில் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள தூசியையும் புல்லையும் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண் பிறகு வடிகட்டியை அடைக்கும். சூட்டில் தொட்டிக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் மூடியை மெதுவாகத் தளர்த்திக் காற்று வெளியேறிய பிறகே முழுவதும் கழற்ற வேண்டும். விளிம்பு வரை நிரப்பக் கூடாது. சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கி, நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிப்போய்த்தான் எஞ்சினை இயக்க வேண்டும். ஆவி எங்கே தங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே நாம்தான் விலகிப் போக வேண்டும்.

கேனில் பெட்ரோல் வாங்கும்போதும் ஒரு செய்தி. வாகனத்துக்குள் வைத்தபடியே கேனை நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். பாயும் பெட்ரோலால் உண்டாகும் நிலைமின்னூட்டம், பிளாஸ்டிக் விரிப்பின் மீது இருக்கும் கேனில் தேங்கிப் பொறியாகலாம். தரையில் வைத்தால் அது மண்ணில் இறங்கிவிடும்.

## பழைய எரிபொருள் செய்யும் கேடு

இயந்திரம் கிளம்பவில்லை என்று பழுது பார்க்கும் இடத்துக்கு வருபவற்றில் மிகப் பலவற்றின் காரணம், தொட்டியில் கிடந்து கெட்டுப்போன எரிபொருள். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அவற்றில் எளிதில் ஆவியாகும் மெல்லிய பகுதிகள்தான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுபவை; நாள் போகப் போக முதலில் பறந்துபோவதும் அவைதான். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசின் போலாகிறது. கார்புரேட்டருக்குள் எரிபொருள் செல்லும் துளைகள் ஊசிமுனை அளவே உள்ளவை. மெல்லிய ஒரு பிசின் படலம் போதும், அவை அடைபட்டுவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக நிற்கும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடுதான் தங்கும். உறிஞ்சும் குழாய் அடியில் கிடக்கிறது என்பதை நினைவுகொண்டால் விளைவு புரியும்: எண்ணெயே இல்லாத திரவம் எஞ்சினுக்குள் போகிறது. எத்தனால் ரப்பர் குழாய்களையும் கெடுக்கக்கூடியது என்பதால், சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் உள்ள பெட்ரோல் வேண்டாம் என்கிறார்கள். கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எனவே ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்வது நல்ல வழக்கம். ஒரே நேரத்தில் பத்து லிட்டர் கலந்து வைப்பதில் எந்த மிச்சமும் இல்லை.

## கிளப்பும்போது கையில் இருக்கும் இரண்டு பாகங்கள்

கார்புரேட்டரின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் மென்மையான குமிழை அழுத்தினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான இயந்திரங்களில் அது செய்வது, குழாயிலும் கார்புரேட்டரிலும் உள்ள காற்றை வெளியேற்றி எரிபொருளை அதுவரை கொண்டுவருவது மட்டுமே. மிகுதி மறுபடி தொட்டிக்கே போய்விடும். குமிழில் எரிபொருள் தெரியும் வரை ஐந்தாறு முறை அழுத்தினால் போதும்.

சோக் என்பது கார்புரேட்டருக்கு வரும் காற்றின் வழியைக் குறுக்கும் தகடு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். குளிர்ந்த எஞ்சினுக்கு அது தேவை. முதல் உறுமல் கேட்டதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். மூடியபடியே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். அப்போது சோக்கை முழுவதும் திறந்து, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சில முறை இழுத்தால், அல்லது பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தினால் சரியாகும்.

இதுவரை கண்டதைத் தொகுத்தால்: சரியான விகிதம், சரியான எண்ணெய், தனிக் கேனில் கலத்தல், ஆறிய எஞ்சினில் நிரப்புதல், ஒரு மாதத்துக்குள் தீர்த்தல். இவை ஐந்தும் எரிபொருளைப் பற்றியவை. இனி வருபவை இயந்திரத்தைத் திறந்து செய்யும் எளிய வேலைகள்.

## காற்று, பொறி, வெப்பம்

தடித்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடுபவரைப் போன்றது, அடைபட்ட காற்று வடிகட்டியோடு ஓடும் எஞ்சின். காற்று குறைந்தால் சோக் பாதி மூடியதற்குச் சமம்: பெட்ரோல் மிகும், புகை கறுக்கும், வேகம் குறையும். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு நாள் வேலைக்கும் முன் திறந்து பார்க்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது. ஸ்பாஞ்சு வகையாக இருந்தால் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசிப் பிழிந்து, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய் தேவைப்படும் வகை என்று கையேடு சொன்னால் சில துளிகள் விட்டுப் பிசைந்து மாட்ட வேண்டும். காகித வகையை நனைக்கக் கூடாது. மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்து, அழுக்கு மிகுந்தால் மாற்றிவிட வேண்டும். வடிகட்டியே இல்லாமல் ஒருநாள் ஓட்டினால் போதும், உள்ளே போகும் மணல் துகள்கள் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும்.

ஸ்பார்க் பிளக் தீப்பொறியைத் தரும் பாகம் என்பது தெரிந்ததே. அது எஞ்சினின் உடல்நிலையைக் காட்டும் நாக்கும்கூட. கழற்றிப் பார்த்தால் முனை இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்து வெந்ததுபோல இருந்தால் எரிபொருள் குறைவாக வந்து எஞ்சின் மிகையாகச் சூடாகிறது என்று பொருள்; இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. முனைகளுக்கு இடையிலான இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு.

இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை. சுழலும் சக்கரத்தோடு இணைந்த விசிறி வீசும் காற்றுதான் சிலிண்டரின் மேலுள்ள உலோகச் செதில்களைக் குளிர்விக்கிறது. வெட்டிய புல் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அந்தச் செதில்களுக்கு இடையில் அடைந்துகொள்ளும். ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையால் அதை எடுத்துவிடலாம். சைலன்சரின் வாயில் ஒரு சிறு கம்பிவலை இருக்கும் இயந்திரங்களில் அதையும் பார்க்க வேண்டும். நெருப்புப்பொறி வெளியே தெறித்து உலர்ந்த புல்லைப் பற்றவைக்காமல் தடுப்பது அது. கரி பிடித்து அது அடைபட்டால், எல்லாப் பாகங்களும் நன்றாக இருந்தும் இயந்திரம் வேகமெடுக்காது. காரணம் தெரியாமல் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பிக் குழப்பிக்கொள்பவர்கள் முதலில் இந்த வலையைத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

## தலைப்பகுதியும் நூலும்

தலையைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள ரப்பர் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

குறிப்பிட்டதைவிடத் தடித்த நூலைப் போட்டால் நன்றாக வெட்டும் என்பது மற்றொரு தவறான எண்ணம். தடித்த நூல் காற்றைக் கிழிக்கவே கூடுதல் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும், எஞ்சின் சூடேறும். காப்புத்தகட்டைக் கழற்றிவிட்டு நீளமான நூலோடு ஓட்டுவதற்கும் இதே விளைவுதான். அந்தத் தகட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு கத்தி நூலை அளவாக நறுக்குவதற்கென்றே வைக்கப்பட்டது. மேலும் முன்னர்க் கணக்கிட்ட வேகத்தில் தெறிக்கும் கல் நேராகக் கணுக்காலையோ கண்ணையோ நோக்கி வரும். காப்புத்தகடு இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

நைலானுக்கு ஈரம் வேண்டும். நெடுநாள் வெப்பத்தில் கிடந்து உலர்ந்த நூல் நொறுங்கத் தொடங்கும்; அதை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் பெருமளவு பழைய வளையும் தன்மை திரும்பிவிடும். சுருளில் சுற்றும்போது தலையில் குறித்த அம்புக்குறியின் திசையில், ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஏறாமல், இறுக்கமாகவும் சீராகவும் சுற்ற வேண்டும். தாறுமாறாகச் சுற்றிய நூல் உராய்வின் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டு, நூலை நீட்டுவதற்காகத் தலையைத் தரையில் தட்டினாலும் வெளியே வராது.

நேரான தண்டுள்ள புல்வெட்டிகளில் தலைக்கு மேலே பற்சக்கரப் பெட்டி இருக்கும். அதன் பக்கத்திலுள்ள திருகைக் கழற்றி, 25 முதல் 50 மணி நேர வேலைக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸைச் சிறிதளவு செலுத்த வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் தலை சுழன்றுகொண்டே இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எஞ்சினின் வேகம் ஏறும்போது மட்டும் தலையோடு இணையும் கிளட்ச், ஓய்வு வேகத்தில் விலகி நிற்க வேண்டும். விலகவில்லை என்றால் ஓய்வு வேகம் அதிகமாக இருக்கிறது அல்லது கிளட்சின் சுருள்வில் போய்விட்டது. சரிசெய்யும் வரை இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

## பருவம் முடிந்து ஓய்வில் வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால், தொட்டியில் உள்ளதை வடித்துக் கேனுக்கு மாற்றிவிட வேண்டும். குமிழைச் சில முறை அழுத்திக் குழாயில் இருப்பதைத் தொட்டிக்குத் திருப்பி, அதையும் வடித்துவிட்டு, திறந்தவெளியில் எஞ்சினை இயக்கித் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். அடைத்த அறைக்குள் ஓடவிட்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு நிறையும். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஒரு சிறு கரண்டி விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் சிலிண்டர் சுவரில் படலம் பரவித் துருவைத் தடுக்கும். சிலர் தொட்டியை வற்றவிடாமல், எரிபொருள் கெடாதிருக்கச் சேர்க்கும் மருந்தைக் கலந்து நிரப்பி வைக்கிறார்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வுகள் உலராமல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக இருக்கும் இடங்களில் வற்றவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

தொட்டிக்குள் கிடக்கும் எரிபொருள் வடிகட்டியை மாற்றுவதற்கும் இதுவே ஏற்ற நேரம்: வளைத்த கம்பியால் குழாயை வாய்வரை இழுத்து, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் முடிந்தது. குழாய் விறைத்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதையும் கையோடு மாற்றிவிடலாம். மறுபடி எடுக்கும் நாளில் கேனில் மிச்சமிருக்கும் பழைய கலவையை ஊற்றாமல், புதிதாக அளந்து கலந்த ஒரு லிட்டரோடு தொடங்க வேண்டும். சிலிண்டரில் விட்டுவைத்த எண்ணெய் எரிவதால் முதல் நிமிடம் புகை சற்று அடர்த்தியாக வரும், பிறகு தெளிந்துவிடும்.